ஆசைக்கு அறுத்த வயிறு

எங்கள் வீட்டுக்காரம்மா வாடகையை ஏற்றியபோது காரணம் சொல்லவில்லை. அந்தத் தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் காரணம் சொல்லித்தான் ஏற்றுவார்கள். தண்ணீர் லாரிக்குக் கொடுத்து மாளவில்லை, வீட்டு வரி கூடிவிட்டது, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்று வாசலில் நின்று நெடுநேரம் புலம்பிவிட்டு, போகிறபோக்கில் தொகையைச் சொல்வார்கள். இவர் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், வர்ற மாசத்துலர்ந்து வாடகை ஏத்துறேன்."

"என்னக்கா திடீர்னு?"

"ஏத்தணும்னு தோணுச்சு. பக்கத்து வூட்ல ஜாஸ்தி வாங்குறாங்க. நான் மட்டும் ஏன் கம்மியா வாங்கணும்?"

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். "வாய்க்கு வந்த ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், மனசு ஆறியிருக்கும்" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு அது. அவர் வீட்டு மாடியில் ஏழெட்டு வருஷம் குடியிருந்தோம். அவருடைய கணவரின் குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, அந்தத் தெருவிலேயே நாலைந்து வீடுகள் அவர்களுடையவை. கணவர் மனை வாங்கி விற்கும் தொழில் செய்தார். சாதுவான மனிதர். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. அதனால் எல்லோரிடமும் ஆளுக்கொரு பொய் சொல்லி வைத்திருப்பார். அக்கா படப்பைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அவர் பொய்யே பேசாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. கணவரைத் தேடி யாராவது வந்தால், அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "வூட்ல இல்லீங்களே" என்று கூசாமல் சொல்வார். ஆனால் தான் செய்த காரியத்துக்கும் செய்யாமல் விட்ட காரியத்துக்கும் சாக்குச் சொல்ல மாட்டார். சாக்கு அவர் வாயில் வராது. கேட்பவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தையைக்கூட மாற்றிப் போட மாட்டார்.

ஒருமுறை இருவரும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். நல்ல கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள். "உக்காருங்க ஆன்ட்டி. இந்த நேரத்துல நிக்கக்கூடாது."

சுற்றி இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும்.

"புள்ள இல்லமா. தொப்பை," என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "சாரி ஆன்ட்டி, நான் வந்து..."

"சாரி எதுக்கு? எழுந்தது எழுந்துட்ட. நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தார். என் பையையும் வாங்கித் தன் பையின் மேல் வைத்து, இரண்டையும் அந்த வயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். பாவம், அந்தப் பெண்தான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள்.

அவர் குண்டான மனுஷி இல்லை. கையும் காலும் ஒல்லி. முதலில் ஒரு பெண், பிறகு இரட்டை ஆண் குழந்தைகள். இரட்டையர் பிறந்த பிறகு வயிறு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. தோல் மடிந்து முன்னால் தொங்கியது. கோடையில் அந்த மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகிவிடும். மின்விசிறிக்கு முன்னால் நின்று, நைட்டியின் மேலேயே வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்று வாங்குவார். நான் உள்ளே நுழைந்தால்கூடக் கையை எடுக்க மாட்டார்.

அவருடைய இந்தக் குணம் எப்போதும் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் அது நிஜமில்லை. என் அப்பா இறந்தபோது அவர் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து தாம்பரம் திரும்பியதும் தெருவில் பலர் விசாரித்தார்கள். வர முடியாமல் போனதற்கு ஒருவர் காய்ச்சல் என்றார், ஒருவர் வீட்டில் விருந்தாளிகள் என்றார். அக்கா மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்கப்பா சாவுக்கு நான் வர்ல. அவர நான் பாத்ததுகூட இல்ல. உனக்காகப் போலாமான்னு யோசிச்சேன். வெயிலா இருந்துச்சு, படுத்துட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. சில வாரங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனேன். அவரும் சமாதானப்படுத்த வரவில்லை. குழம்போ பாயசமோ கொடுத்தனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொன்னவரின் முகம்கூட எனக்கு இப்போது மறந்துவிட்டது. அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. அந்தக் கோபம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம், தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்கு வந்தவர், துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

"உனக்கு லீவு எப்போ டீச்சர்?"

"மே மாசம் முழுக்கக்கா."

"ஊருக்குப் போறியா?"

"இந்தத் தடவ போகல."

"அப்ப நான் மே மாசமே ஆபரேஷன் வெச்சிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஆபரேஷன் என்று கேட்டேன்.

"இந்த வயித்த எடுக்கறதுக்கு. தோல அறுத்து எடுத்துட்டு, இழுத்துத் தைச்சிடுவாங்களாம். போய்ப் பேசிட்டு வந்துட்டேன்."

"ஏதாவது பிரச்சனைன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"ஒரு பிரச்சனையும் இல்ல. எனக்குப் புடிக்கல. பசங்கள எறக்கி வெச்சிட்டேன். இத மட்டும் எறக்கி வெக்க முடியல." தொட்டியை எட்டிப் பார்த்தார். "ரொம்பிடுச்சு. மோட்டார நிறுத்தணும்" என்று இறங்கிப் போனார்.

நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். பையன்கள் இருவரும் ப்ளஸ் டூ சேரப்போகிறவர்கள், அம்மாவின் அறைப்பக்கம் வரவே வெட்கப்பட்டார்கள். அதனால் வீட்டுக்கு அழைத்து வருகிற அன்று அவர் கணவரோடு நானும் போனேன். ஆபரேஷன் செய்தவர் ஒரு பெண் டாக்டர். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, "உள்ள தசை ரெண்டும் நல்லா விலகியிருந்துச்சு. தொப்புள்கிட்ட சின்னதா ஒரு ஹெர்னியா கூட இருந்துச்சு. அதையும் சேத்துத் தைச்சிட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கணவரின் முகம் மலர்ந்தது. அவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. காரில் ஏறியது முதல் போன் மேல் போன். "ஆமாண்ணா, ஹெர்னியாதான். நல்லவேளை, நேரத்துக்குப் பாத்துட்டோம்." குரோம்பேட்டை தாண்டும்போது, பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்த அக்கா கண்ணைத் திறந்தார்.

"யாருக்கு ஹெர்னியா?"

"உனக்குத்தான்மா. டாக்டரே சொன்னாங்களே."

"நான் ஹெர்னியாவுக்கா போனேன்?"

கணவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு போட்ட உடுப்புதான் பெரிய பாடு. கம்ப்ரஷன் கார்மென்ட் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அதற்குப் பெல்ட் என்று பேராகிவிட்டது. பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது. இது மார்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொடையில் பாதி வரைக்கும் வரும். தோல் நிறத்தில், ரப்பர் மாதிரி விறைப்பான துணி. பக்கவாட்டில் நெருக்கமாகக் கொக்கிகள், அதற்கு மேல் ஜிப். ஒண்ணுக்குப் போக அடியில் மட்டும் ஒரு திறப்பு. பிரித்துத் தைத்த தோல் உள்ளே தசையோடு ஒட்டவேண்டும், நடுவில் நீர் கட்டக்கூடாது, வீங்கக்கூடாது. அதற்காக அது ராப்பகலாக உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். உடம்பு துடைக்கும்போது மட்டும் கழற்றலாம். சுருக்கம் விழாமல் போடவேண்டும்; ஒரு சுருக்கம் விழுந்தாலும் அந்த இடத்தில் தோலில் கோடு பதிந்து எரியும். முதல் சில நாட்கள் இரண்டு பக்கமும் குழாய் வேறு. அவற்றின் நுனியில் தொங்கும் உருண்டைகளில் ரத்தநீர் சேரும். அதையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கி மாட்டவேண்டும்.

முதல் நாள் கணவர் முயன்றார். கொஞ்ச நேரத்தில் அக்கா மாடிக்குக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார். போனால், அவர் கணவர் வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.

"கண்ண மூடிகினு கொக்கி மாட்டுறாரு டீச்சர். கண்ண மூடினா எப்டி மாட்டும்?"

அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று. காலையில் காபி குடித்ததும் கீழே போவேன். அவர் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்திருப்பார். கீழ்க் கொக்கியிலிருந்து மேலே வரவேண்டும். ஒரு கையால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து இன்னொரு கையால் மாட்டுவதற்குள் என் கட்டைவிரல் நகக்கண் எல்லாம் வலி எடுத்துவிடும்.

"மூச்ச உள்ள இழுங்கக்கா."

"இருந்தாத்தானே இழுக்க."

எழுந்து நடந்தால் நிமிர முடியாது. தையல் பிரிந்துவிடாமல் இருக்க, தரையில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தேதான் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்தார். அப்படிக் குனிந்தபடியே வந்தவர்களுக்குப் பதிலும் சொன்னார். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். உட்கார்ந்ததும் குரலைத் தணித்து, "என்ன ஆச்சு? ஹெர்னியான்னு கேள்விப்பட்டோம்" என்பார்கள். அக்கா குரலைத் தணிக்காமல், "வயிறு தொங்குச்சு, எடுத்துட்டேன்" என்பார். ஒரு பெண்மணி மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற வயசுல இதெல்லாம் யாருக்கு?"

"எனக்கு."

அந்தப் பெண்மணி சாத்துக்குடிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அக்னி நட்சத்திர வெயில். பகலில் கரண்ட் போனால் அந்த உடுப்புக்குள் அவர் வெந்தார். உள்ளே போட்ட மெல்லிய பனியன் நனைந்து வேர்க்குரு பொரிந்தது. சொறியவும் முடியாது. நான் விசிறியால் வீசிக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் அவர் பொறுக்க முடியாமல் கத்திவிட்டார். "பேஜாரா கீது டீச்சர். கழட்டிடு. எதுவும் வாணாம், கழட்டிடு." நான் பயந்துபோய் ஜிப்பில் கை வைத்தேன். கையின்மேல் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"நான் கத்துவேன். நீ கழட்டாத."

பிறகு திரும்பவும் கத்தினார். நான் வீசிக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்ததும் தூங்கிப்போனார். சாயங்காலம் எழுந்தபோது, பண்ணிக்கொண்டோமே என்று வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"வேர்க்குது. வருத்தம் இல்ல."

வீக்கம் வடிய வடிய உடுப்பு தளர்ந்தது. ஒரு சைஸ் சின்னதாக வாங்கவேண்டும். நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்த சமயம். மார்க்கெட் பக்கம் ஒரு உள்ளாடைக் கடைக்குப் போனோம். கல்லாவில் நின்ற பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"டெலிவரி ஆயி எத்தினி நாளும்மா?"

"பதினேழு வருஷம்," என்றார் அக்கா.

அங்கே அது கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சொல்லி வரவழைத்தோம்.

இத்தனைக்கும் பிறகு அந்த வயிறு சினிமாப் படத்தில் வருவதுபோல ஆகிவிடவில்லை. தழும்பு இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் ஓடியது. இடது முனையில் கொஞ்சம் ஏறி, சின்னதாக ஒரு மடிப்பு நின்றுவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போனேன். "கோணலா கீது," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "ஆனா கால் தெரியுது." தலையைக் குனிந்து தன் கால் விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடுவாஞ்சேரியில் நாங்கள் சொந்தமாக ஃபிளாட் வாங்கிப் போன அன்று, தெருவே வந்து அடிக்கடி வரவேண்டும் என்று சொன்னது. அக்கா லாரி கிளம்பும் வரைக்கும் வெயிலில் நின்றார். "இனிமே நீ வரமாட்ட. நானும் வரமாட்டேன். நல்லாரு டீச்சர்" என்றார். அப்படியேதான் ஆயிற்று. முதல் பொங்கலுக்கு ஒருமுறை போனில் பேசினோம். அப்புறம் அந்த எண்ணும் மாறிவிட்டது.

ஆனால் எனக்கு அவர் என்றால் ஆபரேஷன் நடந்த வருஷத்து ஆடி மாதம்தான்.

ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று பெண்கள் குளக்கரையிலிருந்து பால்குடம் எடுத்து வருவார்கள். முதல் குடம் அக்காவின் புகுந்த வீட்டுக்கு உரியது. மூத்த மருமகள் என்பதால் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவர்தான் எடுத்தார். வாடகை வாங்குவது, வீடு கட்டுவது எதிலும் காட்டாத ஒரு பெருமை அவருக்கு அந்தக் குடத்தின்மேல் இருந்தது. ஒரு மாதம் முன்னாலேயே மஞ்சள் புடவை எடுத்து, ரவிக்கை தைத்து வைத்துவிடுவார். அந்த வருஷம் முன்கூட்டியே டாக்டரிடமும் கேட்டுவிட்டார். சின்னக் குடமாக இருந்தால் தூக்கலாம், வெளியே நிற்கிற நேரமெல்லாம் பெல்ட் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் வீட்டுக்குக் கோயில் தர்மகர்த்தா வந்தார். பங்காளி முறை, பெரியவர். கூடவே அக்காவின் நாத்தனார், கணவருக்கு மூத்தவர். நான் கொக்கி மாட்டிவிட்டு அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்தேன். கிளம்பப் போனவளை அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தர்மகர்த்தா தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "ஊர்ல ஒரு பேச்சு கீதும்மா. நோவுக்குப் பண்ணதுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தம்பியும் ஹெர்னியான்னுதான் சொல்றாரு. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டின்னா நான் போய்ச் சொல்லி முடிச்சிடுவேன்."

கணவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்று அந்த முகம் கெஞ்சியது. எனக்கும் மனசுக்குள் அதுதான் ஓடியது. அது பொய்கூட இல்லை.

"ஹெர்னியாவுக்குப் போகல," என்றார் அக்கா. "வயிறு தொங்குச்சு. எனக்குப் புடிக்கல. அறுத்துட்டேன்."

நாத்தனார் கொதித்துவிட்டார். "ஊரே சிரிக்கிது, நீ இன்னா இப்டி பேசுற? அழகுக்கு ஒடம்ப அறுத்துகினு வந்து அம்மா குடத்த தலையில வெப்பியா?"

"ஆம்பளைங்க கன்னத்துல அலகு குத்திகினு வர்றாங்களே அண்ணி. முதுகுல கொக்கி மாட்டித் தேர் இழுக்கறாங்க. அவங்கள்லாம் ஒடம்ப அறுக்கலயா?"

"அது வேண்டுதல்ம்மா," என்றார் தர்மகர்த்தா.

இதுவும் ஒரு வேண்டுதல்தான் என்று அக்கா சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தப் பெரியவரே அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். வழிவிட்டுக் காத்திருப்பவர்போல இருந்தார்.

"எனக்கு வேண்டுதல்லாம் இல்லீங்க. ஆசை. ஆசைக்கு அறுத்துகினா அம்மா மூஞ்சத் திருப்பிக்குவாளான்னு கேட்டுச் சொல்லுங்க."

தர்மகர்த்தா வெகுநேரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "கோயிலுக்கு வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. பின்னால வாம்மா. முதல் குடத்த உங்க நாத்தனார் எடுக்கட்டும்."

அவர்கள் போனதும் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா சோபாவிலேயே இருந்தார். உடுப்பின் இறுக்கத்தால் அவரால் சாயவும் முடியாது, குனியவும் முடியாது. நேராக உட்கார்ந்தபடியே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏன்க்கா, ஹெர்னியாவும்தானே இருந்துச்சு? சொல்லியிருந்தா பொய்யாகாதே."

"பொய் ஆவாது டீச்சர்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அது இருந்ததே எனக்குத் தெரியாது. அவங்க தொறந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. நான் அதுக்காவா போனேன்? சின்ன வயசுலர்ந்து எது பண்ணாலும் வூட்டுக்கு, புருஷனுக்கு, பசங்களுக்கு. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் பண்ணிகினேன். அதையும் நோவுன்னு சொல்லிட்டா அப்புறம் எனக்குன்னு இன்னா கீது?"

திருவிழா அன்று வெயில் கடுமையாக இருந்தது. லாரித் தண்ணீர் தெளித்த தார்ச்சாலை ஆவி விட்டது. பம்பையும் உடுக்கையும் முன்னால் போயின. முதல் குடம் நாத்தனார் தலையில். அவருக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள், அப்புறம் அந்தத் தெருக்களில் வீட்டுவேலை செய்பவர்கள், என்னைப் போலக் குடிவந்தவர்கள். எல்லோருக்கும் கடைசியில் அக்கா, மஞ்சள் புடவையில், சின்னப் பித்தளைக் குடத்தோடு. நான் குடம் எடுக்கவில்லை. மாற்று உடுப்பு இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வழி நெடுக வாசல்களில் நின்றவர்கள் முன்வரிசையைக் கும்பிட்டுவிட்டு, கடைசியில் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் அவர் இடுப்பைப் பார்த்தார்கள். அவரும் அந்தந்த முகத்தைப் பதிலுக்குப் பார்த்தார். மே மாதம் முழுக்கக் குனிந்து நடந்தவர், அன்று நிமிர்ந்து நடந்தார். பாதி அந்த உடுப்பு நிமிர்த்தியது, பாதி அவர் நிமிர்ந்தார்.

கோயில் வாசலில் குடம் எடுத்தவர்கள்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவர்மேல் ஊற்றலாமா என்று தவலையோடு நின்ற பெண் தயங்கினாள். அக்கா அவள் முன்னால் போய் நின்றுகொண்டார். ஊற்றினாள்.

பாலாபிஷேகம் முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் பெண்கள் ஈரப்புடவை மாற்ற ஷாமியானாத் துணி கட்டி மறைத்த இடத்துக்குப் போனோம். உள்ளே இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நாத்தனாரும் ஒரு மூலையில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கழட்டு டீச்சர்."

"இங்கேயாக்கா? வீட்டுக்குப் போயிடலாமே."

"உள்ள வரைக்கும் ஈரம். தழும்பு ஊறிப்போவும். கழட்டு."

மற்ற பெண்கள் துணிச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. நான் ஜிப்பை இறக்கி, கொக்கிகளை விடுவித்து, உடம்போடு ஒட்டிக்கிடந்த அதை உரித்தேன். பேச்சுச் சத்தம் அடங்கியது. இடுப்பின் குறுக்கே கருஞ்சிவப்பாக அந்தத் தழும்பு, கொக்கிகளின் தடம் வரிவரியாக, புதிதாக வைத்துத் தைத்த தொப்புள். எல்லோரும் பார்த்தார்கள். அவர் துண்டால் நிதானமாக ஒற்றி எடுத்தார். பார்க்கட்டும் என்று நின்றார் என்றும் சொல்ல முடியாது. ஈரம் போகவேண்டும், ஒற்றினார்.

மாற்று உடுப்பு, ஆஸ்பத்திரியில் சொல்லி வரவழைத்தது, ஒரு சைஸ் சின்னது. படுத்தால்தான் மாட்ட முடியும். அங்கே தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர்ச் சேறு. நின்றபடியே இழுத்து இரண்டு கொக்கி மாட்டினேன். மூன்றாவதை மாட்டும்போது முதல் இரண்டும் தெறித்தன. என் விரல் வழுக்கியது. மறுபடி மாட்டினேன். மறுபடி தெறித்தன. அக்கா தலையைத் தூக்கினார்.

"அண்ணி, பாத்துகினு நிக்காதிங்க. வந்து அந்தப் பக்கம் புடிச்சி இழுங்க."

நாத்தனார் அசையவில்லை. கையில் பாதி பிழிந்த புடவை. எல்லோரும் இப்போது அவரைப் பார்த்தார்கள். அவர் புடவையைக் கயிற்றில் போட்டுவிட்டு வந்தார். ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, குனிந்து அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்தார். தழும்பு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இழுத்தார். நான் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தேன். பாதி ஏறியதும் அவர் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"வலிக்கிதா?"

"வலிக்கிது," என்றார் அக்கா, அந்த மறைப்பு முழுக்கக் கேட்கும்படி. "உடாதிங்க. இன்னும் இழுங்க."

நாத்தனார் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இழுத்தார்.